தேர்ந்தெடுக்காமல் பார்த்தவை

இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் தூரதர்ஷனைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தீர்கள். இந்தப் பேச்சை எடுத்தால் என் வயதுக்காரர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் சொல்வார்கள்: சுழன்று வந்து சேரும் அந்தச் சின்னம், அதனுடன் எழும் ஷெனாய், வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிறு மாலைத் திரைப்படம், ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டை. எல்லாம் உண்மை. எனக்கும் அவை வேண்டும். ஆனால் இந்த வரிசையில் இருப்பவை நாங்கள் ஆசையோடு காத்திருந்து பார்த்தவை. அவற்றுக்காகக் காத்திருந்தபோது, வேறு வழியில்லாமல் பார்த்தவையும் உண்டு. எங்கள் தலைமுறையை உருவாக்கியதில் அவற்றின் பங்கே பெரிது என்று நான் நம்புகிறேன். அவற்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை முறையில் தொலைக்காட்சி தொடங்கியது. வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். அன்றாட ஒளிபரப்பு 1965-இல் வந்தது. பம்பாய்க்கு 1972-இல் வந்தது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னை நிலையம் தொடங்கியது. அதே மாதம் முதல் தேதிதான் அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளைக் கொண்டு 2,400 கிராமங்களில் ‘சைட்’ என்ற கல்வித் தொலைக்காட்சிச் சோதனை தொடங்கியது. ஆந்திரம், கர்நாடகம், பீகார், ஒரிசா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்கள் அதில் இருந்தன, தமிழ்நாடு இல்லை. ராய்ச்சூர்ப் பக்கத்துக் கிராமத்துக்குச் செயற்கைக்கோள் வழியாகப் படம் வந்த நாளில், நமக்குத் தொலைக்காட்சி என்பது சென்னைக்காரர்கள் மட்டும் காண்கிற ஒன்றாக இருந்தது. சேப்பாக்கத்துக் கோபுரத்தின் அலை எட்டிய தூரமே அதன் எல்லை.

அது நெருக்கடி நிலைக் காலம் என்பதையும் மறக்கக்கூடாது. ஜூன் 25-இல் நெருக்கடி நிலை, ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி, அடுத்த ஜனவரி 31-இல் கலைஞர் ஆட்சி கலைப்பு. நம் தமிழ்த் தொலைக்காட்சி தன் முதல் சில மாதங்களில் எந்தச் செய்தியை எப்படிச் சொல்லியிருக்க முடியும் என்பதை மாணவர்கள் எளிதில் ஊகிக்கலாம். தூரதர்ஷன் மீது எனக்குள்ள அன்பு இந்த உண்மையை மறைக்கிற அன்பு அல்ல. அரசு பேசியது, நாங்கள் கேட்டோம். எதிர்க்கட்சிக்காரர் என்ன சொன்னார் என்று அறிய மறுநாள் காலை டீக்கடைக்குப் போய்ப் பேப்பர் பார்த்தோம். தன்னாட்சிக்கான பிரசார் பாரதிச் சட்டம் 1990-இல் நிறைவேறி, 1997-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

நான் தென்கோடிக்காரன். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில், கடலுக்கும் வாழைத் தோட்டத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். அப்போது அது திருநெல்வேலி மாவட்டம். எங்களுக்குச் சென்னை எட்டாத தூரம். சிலோன் கூப்பிடு தூரம். 1982 பிப்ரவரி 15 அன்று ஜப்பானிய உதவியோடு இலங்கையின் ரூபவாகினி தொடங்கியது. பிதுருதலாகலை மலை உச்சியில் அதன் முதன்மைக் கோபுரம். அந்த அலையில் கொஞ்சம் கடலைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது. ‘சிலோன் டிவி’ என்போம். கல்வீட்டு மொட்டை மாடிகளில் இரும்புக் குழாய் மேல் குழாய் வைத்து, கம்பி இழுத்துக் கட்டி, உச்சியில் ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி நிறுத்துவார்கள். அதனோடு ஒரு பூஸ்டர். அப்படியும் எல்லா நாளும் படம் வராது. காற்று விழுந்து, கடல் அசையாமல் கிடந்து, உடம்பெல்லாம் புழுங்குகிற இரவில் மட்டும் துல்லியமாக வரும். கடல்மேல் வெப்பக் காற்று ஓர் அடுக்காக நிற்கும்போது அலைகள் அதற்கடியில் வளைந்து அடிவானத்தைத் தாண்டிப் போகும் என்பதைப் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் படிக்காத எங்கள் ஊர் மீனவர்கள் அதை முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். சாயங்காலம் கடலைப் பார்த்துவிட்டு, “இன்னிக்குச் சிலோன் நல்லாத் தெரியும்” என்று சொல்வார்கள், தெரியும்.

இதில் ஒரு வேதனையான செய்தி உண்டு, அதைத் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி வரலாற்றை எழுதுகிறவர்கள் போதிய அளவு எழுதவில்லை. 1983 ஆகஸ்டில் இன்சாட்-1பி விண்ணுக்குப் போன பிறகு, நாடெங்கும் குறைந்த சக்தி ஒளிபரப்பு நிலையங்களை மளமளவென்று திறந்தார்கள். 1984-இல் சில மாதங்கள் நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் திறந்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால் அந்தச் சிறு நிலையங்கள் செயற்கைக்கோளிலிருந்து டெல்லியை வாங்கி அப்படியே திருப்பி அனுப்பின. சென்னையில் தயாராகும் தமிழ் நிகழ்ச்சியை அவை வாங்குவதற்கு வழி கிடையாது. ஆகவே தமிழ்நாட்டின் தெற்கே ஒரு வீட்டில் இந்திய அரசின் தொலைக்காட்சியைப் போட்டால் இந்தி கேட்டது. ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பினால், நேரம் வாய்த்தால், தமிழ் கேட்டது. அதுவும் எந்த ஆண்டுகளில்? இலங்கையில் 1983 ஜூலையில் தமிழர் மீது நடந்த வன்முறைக்குப் பிறகான ஆண்டுகளில். ரூபவாகினியின் தமிழ்ச் செய்தியில் கொழும்பு அரசின் சொல் மட்டுமே இருந்தது. அதன் மறுபக்கத்தை, படகில் வந்து இறங்கி மண்டபம் முகாமில் தங்கியிருந்தவர்களிடம் கேட்டோம். ஒரே மொழியில் இரண்டு செய்திகளைக் கேட்டு, எது உண்மை என்று நாங்களே முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஊடகக் கல்வி என்று இன்று நீங்கள் வகுப்பில் படிப்பது எங்களுக்கு அப்படிக் கிடைத்தது.

1987-இல் கொடைக்கானல் நிலையம் வந்தது. மலை மேல் உயர்சக்திக் கோபுரம். அதன்பிறகே சென்னையின் தமிழ் நிகழ்ச்சிகள் தென்மாவட்டங்களுக்கு முழுமையாக வந்து சேர்ந்தன. எங்கள் ஊரில் அந்த வாரம் முழுக்க மாடிகளில் ஆள் நடமாட்டம். தென்கிழக்கே பார்த்து நின்ற ஆன்டெனாக்களை எல்லாம் வடமேற்கே திருப்பினார்கள். மேலே ஒருவர் குழாயைப் பிடித்துத் திருக, கீழே முற்றத்தில் ஒருவர் நிற்க, வீட்டுக்குள் ஒருவர் பெட்டி முன்னால் இருக்க, “வந்துட்டா?” “இல்ல அண்ணாச்சி, புள்ளியாத்தான் விழுது… இன்னும் கொஞ்சம் வடக்க… நில்லு, நில்லு, அப்படியே நில்லு!” என்று சத்தம் தெருவெங்கும் கேட்டது. ஓர் ஊர் ஒரே வாரத்தில் தன் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பெட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாலிடேரும் டயனோராவும் சென்னையில் செய்யப்பட்டவை. மரப்பெட்டி, இழுத்து மூடும் கதவு, சிலர் அதற்குப் பூட்டுகூடப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் தனியாக ஒரு ஸ்டெபிலைசர். 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி வண்ணம் வந்துவிட்டது என்றாலும் எங்கள் தெருவில் தொண்ணூறுகள் வரை கறுப்பு வெள்ளைதான். திரைக்கு முன்னால் நீலத் தாள் ஒன்றை ஒட்டி வண்ணம் என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. பெட்டி வைத்திருப்பதற்கு உரிமம் வேண்டும், அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும் என்ற சட்டமும் எண்பதுகளின் நடுவரை இருந்தது.

ஆனால் பெரும்பாலோருக்குப் பெட்டி என்பது சொந்தப் பெட்டி அல்ல. ஊராட்சியின் டிவி அறைதான் எங்களுடையது. பழைய ரேடியோ அறையை ஒட்டிக் கட்டியது. அரைச்சுவர், மேலே கம்பி வலை, உள்ளே ஓர் இரும்புக் கூண்டு, கூண்டுக்குள் பெட்டி. சாவி ஊராட்சி ஊழியரிடம் இருக்கும். மாலை வந்து திறப்பார். இரவு பூட்டிப் போவார். நடுவில் அலைவரிசையை மாற்றும் பேச்சே கிடையாது, இருந்தது ஒன்றே ஒன்று. நிறுத்துவதற்கும் எவருக்கும் அதிகாரம் இல்லை. அவர் திறந்தது முதல் பூட்டுவது வரை என்ன வருகிறதோ அதைப் பார்க்க வேண்டும், அல்லது எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும். இடம் போய்விடும் என்பதால் யாரும் எழுந்து போகமாட்டோம்.

அந்த அறையைச் சமத்துவபுரமாக வருணிக்க எனக்கு மனம் வரவில்லை. அது எந்தத் தெருவில் இருந்ததோ அந்தத் தெருப் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்தார்கள். காலனிப் பிள்ளைகள் அரைச்சுவருக்கு வெளியே கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் இருட்டான பிறகு, வாசலை ஒட்டி. நாளடைவில் அது கொஞ்சம் மாறியது. வெளியே நின்ற பையன்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அதற்குச் சண்டையும் நடந்தது, ஊர்க்கூட்டமும் நடந்தது. அரசுப் பணத்தில் வாங்கிய பெட்டி என்ற ஒரு வாதத்துக்கு முன்னால் எதிர்த்தரப்பிடம் பதில் இல்லாமல் போனது. கோயிலிலும் குளத்திலும் சொல்ல முடியாத வாதத்தை அந்த அறையில் சொல்ல முடிந்தது. பொது ஒளிபரப்பு என்பதில் உள்ள ‘பொது’ எங்கள் ஊரில் அப்படித்தான் இறங்கிவந்தது; டெல்லியில் இருந்த எந்த அதிகாரியும் அதைத் திட்டமிட்டிருக்கமாட்டார்.

அந்த அறையில் ஆசைப்படாமல் பார்த்தவற்றுக்கு வருகிறேன்.

முதலில் ‘வயலும் வாழ்வும்’. எங்களுக்குப் பாட்டு வேண்டும், படம் வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வேளாண் அலுவலர் வயல் வரப்பில் நின்று வேப்பங்கொட்டைச் சாறு தயாரிப்பதைச் சொல்வார். ஐந்து கிலோ வேப்பம் பருப்பை இடித்துத் துணியில் கட்டி இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, நூறு லிட்டருக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து அடிக்க வேண்டும். எனக்கு இப்போதும் அந்த அளவு மனப்பாடம். வாழைக் கிழங்கின் வேரைச் சீவி, களிமண் குழம்பில் முக்கி, நூற்புழு மருந்துக் குருணையைத் தூவி நடுகிற முறையும் அப்படியே. எங்கள் வீட்டில் நிலம் கிடையாது. ஆனால் எங்கள் பின்னால் உட்கார்ந்திருந்த வாழை விவசாயிகள் அதைக் கேட்டுவிட்டு அங்கேயே சண்டை போட்டுக்கொள்வார்கள். “சேத்துல முக்குனா எப்படிவே முளைக்கும்? அழுகிப் போவும்” என்பார் ஒருவர். “நான் போன வருசம் நாலு வரிசை அப்படி வச்சுப் பாத்தேன், வந்து பாரும்” என்பார் இன்னொருவர். கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொன்னதை எங்கள் ஊர் எடைபோட்டு ஏற்கவோ தள்ளவோ செய்த இடம் அதுதான். வாழை வைக்காதவனும், தையல்காரரும், டிக்கெட் கிழிக்கிறவரும், பள்ளிப்பிள்ளையும் அந்த விவாதத்தைக் கேட்டார்கள். பயிர் என்பது ஒரு தொழில்நுட்பம், அதில் அறிவு தேவைப்படுகிறது, அதைச் செய்கிறவர்கள் அறிவாளிகள் என்பது பாட்டுக்காகக் காத்திருந்த எங்களுக்குள் அப்படி இறங்கியது. இன்று நகரத்துப் பிள்ளை ஒருவன் வேளாண்மை பற்றி ஒரு நிமிடம்கூடப் பார்க்காமல் இருபது வயதை அடைய முடியும். அவன் விரும்பியது மட்டும் அவனைத் தேடி வருகிறது. அவன் குற்றம் அல்ல அது. ஆனால் அவன் இழந்தது என்ன என்பது அவனுக்குத் தெரியப்போவதில்லை. அதுதான் என் கவலை.

அடுத்தது ஞாயிறு நண்பகல் படம். தேசிய விருது பெற்ற மாநில மொழிப் படங்களை ஆங்கிலத் துணைத்தலைப்போடு அப்போது ஒளிபரப்பினார்கள். எல்லா மொழிக்கும் முறை வரும். தமிழ் எப்போது வரும் என்று காத்திருப்போம். அது வரும் வரை அசாமியம், வங்காளம், ஒரியா, மணிப்புரி, கன்னடம், மலையாளம். அந்தப் படங்களில் சண்டை இல்லை, பாட்டு இல்லை, நீண்ட நேரம் யாரும் பேசுவதில்லை. பலர் தூங்கிப்போவார்கள். எனக்கு ஒரு படம் நன்றாக நினைவிருக்கிறது. கிரீஷ் காசரவள்ளியின் ‘தபரன கதே’. பூர்ணசந்திர தேஜஸ்வியின் கதை. ஓய்வுபெற்ற கடைநிலை ஊழியர் ஒருவர் தன் ஓய்வூதியத்துக்காக மேசை மேசையாக அலைகிறார். வீட்டில் மனைவிக்குச் சர்க்கரை நோய், காலில் புண். கோப்பு நகரவில்லை. அவள் இறந்துபோகிறாள். அந்த வேடத்தில் நடித்தவர் நம்முடைய சாருஹாசன்; அதற்காகத் தேசிய விருதும் பெற்றார். எங்கள் அறையில் ஒருவருக்கும் கன்னடம் தெரியாது. ஆங்கில எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர். படம் முடிந்தபோது ஊராட்சி ஊழியர், சாவியைக் கையில் வைத்திருக்கிறவர், எழுந்து வந்து பெட்டியை நிறுத்தவில்லை. அடுத்த நிகழ்ச்சி தொடங்கி வெகுநேரம் ஆகியும் அவர் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். அவருடைய சம்பளம் பல மாதம் வராமல் கிடந்த காலம் அது என்பது பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் அவருக்கு டீ வாங்கிவந்து கொடுத்தார். திரைப்படம் என்றால் இப்படியும் இருக்கலாம் என்று ஒரு கடற்கரைக் கிராமத்துக்குத் திரைப்படச் சங்கமா வந்து சொன்னது? தூரதர்ஷன் சொன்னது. கேட்காதவர்களுக்குச் சொன்னது.

இங்கே ஒரு மறுப்பை நானே எழுப்பிக்கொள்ள வேண்டும். தேர்வு இல்லாமல் பார்க்க வைப்பது நல்லது என்றால், இந்தியை அப்படித் திணித்ததும் நல்லதா? இல்லை. 1982 ஆகஸ்ட் 15 முதல் தேசிய நிகழ்ச்சி என்ற பெயரில் டெல்லி ஒளிபரப்பு வந்தது. இரவு எட்டரைக்கு மேல் நம் திரை நம்மை விட்டுப் போய்விடும். தமிழ்நாட்டின் வீடுகளில் அந்நேரம் பெட்டிகளை மூடினார்கள். அது ஓர் அரசியல் செயல், சரியான செயல். அசாமியப் படம் அசாமியர்களின் வாழ்வைக் காட்டிவிட்டுப் போனது. என் மொழியின் இடத்தை அது எடுத்துக்கொள்ளவில்லை. தேசிய நிகழ்ச்சி எடுத்துக்கொண்டது. நல்ல பார்வை நேரத்தை ஒரு மொழிக்கு ஒதுக்கிவிட்டு அதற்குத் தேசியம் என்று பெயர் வைத்தார்கள். பல மொழிகளை ஒருவருக்கொருவர் காட்டுவதற்கு இருந்த ஒரே கருவியை, ஒரு மொழியை எல்லோருக்கும் காட்டுவதற்குச் செலவழித்தார்கள். இந்தியப் பொது ஒளிபரப்பின் மிகப் பெரிய தவறு இதுவே என்பது என் கருத்து. 1988 ஆகஸ்ட் 15-இல் வந்த ‘மிலே சுர் மேரா துமாரா’ ஏன் எல்லோருக்கும் பிடித்தது என்று யோசியுங்கள். பாலமுரளிகிருஷ்ணா அதில் தமிழில் பாடினார். மற்றவர்கள் அவரவர் மொழியில் பாடினார்கள். சில நிமிடங்களுக்கு மட்டும் அந்த நிறுவனம் தான் எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி இருந்தது.

ராமாயணத் தொடர் மட்டும் இந்த மொழிச் சுவரைத் தாண்டிவிட்டது. 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை, ஞாயிறு காலைகளில். எங்கள் அறையில் அது இரண்டு ஒலிகளோடு ஓடியது. பெட்டியில் இந்தி, பெட்டிக்குப் பக்கத்தில் கூத்துக்குச் சலங்கை கட்டிய ஒரு முதியவர் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். இந்தி வசனத்தை அவர் மொழிபெயர்க்கவில்லை, அவருக்கும் இந்தி தெரியாது. காட்சியைப் பார்த்துவிட்டுத் தனக்குத் தெரிந்த கதையைச் சொன்னார். கம்பன் சொன்னபடி ராவணன் சீதையைத் தீண்டாமல் நிலத்தோடு பெயர்த்தெடுத்துப் போக வேண்டும். தொடரில் கையைப் பிடித்து இழுப்பதாகக் காட்டினார்கள். “இது தப்பு” என்று அவர் எழுந்தே நின்றுவிட்டார். அன்றைக்குப் பெட்டியின் ராமாயணம் நின்று, அவருடைய ராமாயணம் நடந்தது. டெல்லி அனுப்பிய ஒரே கதை ஊருக்கு ஊர் இப்படித்தான் வேறு வேறாக இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

செய்தி வாசித்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் நன்றி கெட்டவன் ஆவேன். ஷோபனா ரவி, ஈரோடு தமிழன்பன் போன்றவர்களின் குரல்கள் எங்களுக்குத் தமிழ் உச்சரிப்பின் பாடமாக இருந்தன. தமிழன்பன் கவிஞர், பின்னாளில் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். லகர ளகர ழகரங்களை வேறுபடுத்திச் சொல்லத் தெரியாத எங்கள் கடற்கரைப் பேச்சுக்கு அவர்கள் எதிரே இருந்தார்கள். எங்கள் தமிழாசிரியர், “ராத்திரி செய்தி கேட்டுட்டு வா, நாளைக்கு அதே மாதிரி வாசிக்கணும்” என்று வீட்டுப்பாடம் கொடுப்பார். இரைச்சல் இல்லாமல், கூவாமல், யார் பேச்சிலும் குறுக்கிடாமல் ஒரு செய்தியைச் சொல்ல முடியும் என்பதற்கு அந்தக் குரல்களே சான்று. செய்தியின் உள்ளடக்கம் அரசு சொன்னது. சொன்ன முறையில் இருந்த மரியாதை அந்த வாசிப்பாளர்களுடையது.

1991 மே மாதத்தையும் சொல்ல வேண்டும். 21-ஆம் தேதி இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதன்பின் தூரதர்ஷனில் பாட்டு இல்லை, படம் இல்லை, விளம்பரம்கூட இல்லாத நேரங்கள். வீணையும் சாரங்கியும் பஜனையும். 24-ஆம் தேதி யமுனைக் கரையில் இறுதிச் சடங்கு. அந்த நாட்களில் எங்கள் டிவி அறையில் பேச்சு எழவே இல்லை. கடற்கரை ஊர், ஈழத்திலிருந்து வந்து எங்கள் நடுவில் வாழ்ந்துகொண்டிருந்த குடும்பங்கள் உண்டு. அவர்கள் அந்த வாரம் அறைக்கு வரவில்லை. வராதவர்கள் யார் என்பதை எல்லோரும் கவனித்தோம். ஏன் வரவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் போய் அழைக்கவும் இல்லை. ஒரே துக்கத்தைப் பார்த்த ஒரே அறையில் அந்த இடம் காலியாகவே இருந்தது. பொது என்பதன் எல்லை எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரிந்தது அந்த வாரத்தில்தான்.

அதற்குப் பின்னான கதை உங்களுக்குத் தெரியும். 1993 ஏப்ரலில் சன் டிவி. கேபிள்காரர் தெருத்தெருவாகக் கம்பி இழுத்தார். தமிழில் நாள் முழுக்க நிகழ்ச்சி. தமிழனுக்குத் தன் மொழியில் தன் நேரத்தில் பார்க்கும் உரிமை. அதை நான் குறை சொல்லமாட்டேன். டெல்லி தராததைத் தனியார் தந்தார்கள். 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் காலனி வீடுகளுக்கும் சொந்தப் பெட்டியைக் கொண்டுவந்தது. கம்பி வலைக்கு வெளியே நின்றவரின் மகள் தன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். அதைவிடப் பெரிய நியாயம் எது? டிவி அறையில் இப்போது ரேஷன் சாக்கு அடுக்கியிருக்கிறார்கள். கொடைக்கானலைப் பார்த்து நின்ற குழாய்களைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. தரைவழி ஒளிபரப்பே 2022-க்குள் பெரும்பாலும் நின்றுபோனது. தூரதர்ஷனின் தமிழ் அலைவரிசையான பொதிகை 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆனது.

ஆகவே பழையது திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரே ஒரு அலைவரிசை மட்டும் இருந்த காலத்துக்கு யாரையும் திரும்ப அழைக்க முடியாது. நான் கேட்பது வேறு. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கின்போது ராமாயணத்தை மீண்டும் ஒளிபரப்பினார்கள். முடிந்தது, ஏனென்றால் அந்த நாடாக்கள் பத்திரமாக இருந்தன. நம் ‘வயலும் வாழ்வும்’ எங்கே? செவ்வாய்க்கிழமை நாடகங்கள் எங்கே? பார்வையாளர் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு பதில் சொன்ன ‘எதிரொலி’ எங்கே? தொடக்க கால நிகழ்ச்சிகள் பல நேரலையில் போய்க் காற்றோடு கலந்தன. பதிவு செய்தவற்றிலும், நாடா விலையுயர்ந்த பொருள் என்பதால், ஒன்றின் மேல் இன்னொன்றைப் பதிந்தார்கள். தமிழ்க் கிராமம் எண்பதுகளில் எப்படி நடந்தது, எப்படிப் பேசியது, எந்த நெல்லை விதைத்தது என்பதற்கான அசையும் சான்று அந்த நாடாக்களில்தான் இருந்தது. திரைப்படத்தில் அது கிடைக்காது. திரைப்படம் கிராமத்தைக் கட்டிக் காட்டியது, இவர்கள் போய் எடுத்தார்கள்.

‘எதிரொலி’க்கு எழுதப்பட்ட கடிதங்களை நினைத்தால் எனக்கு மனம் பதறுகிறது. பதினைந்து பைசா அஞ்சலட்டையில், பேனா பழகாத கைகள் எழுதியவை. “நேற்றுப் போட்ட மருந்தின் பெயர் சரியாக விழவில்லை, மறுபடி சொல்லவும்” என்று எங்கள் ஊரிலிருந்து ஒரு வாழை விவசாயி சொல்லச் சொல்ல நான் எழுதியிருக்கிறேன். தமிழ் மக்கள் அரசின் ஒரு நிறுவனத்தைப் பார்த்து, மனுவாக இல்லாமல், உரிமையோடு பேசிய எழுத்து அது. எத்தனை மூட்டை வந்திருக்கும், எது எஞ்சியிருக்கிறது, யார் பரணில் கிடக்கிறது என்று தேட வேண்டும்.

இந்தக் கல்லூரியில் காட்சித் தொடர்பியல் துறையும் தமிழ்த்துறையும் அருகருகே இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து இதைச் செய்ய முடியும். சென்னை நிலையத்தில் ஒளிப்பதிவு செய்தவர்கள், நாடாக் காப்பறையைப் பார்த்துக்கொண்டவர்கள், ஒப்பனை செய்தவர்கள், வரப்பில் நின்று பேசிய வேளாண் அலுவலர்கள் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். ஆன்டெனா கட்டியவர்கள், ஊராட்சி டிவி அறைச் சாவி வைத்திருந்தவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்தவர்களிடம் மட்டும் கேட்காதீர்கள். வலைக்கு வெளியே நின்று பார்த்தவர்களிடம் முதலில் கேளுங்கள். வராமல் போன ஈழக் குடும்பங்களிடமும் கேளுங்கள். வீட்டில் யாரேனும் அந்நாளில் வி.சி.ஆரில் பதிந்து வைத்த நாடா இருந்தால், பூஞ்சை பிடித்திருந்தாலும் எறிய வேண்டாம் என்று சொல்லி வாங்கி வாருங்கள். இந்த அறக்கட்டளையின் அடுத்த ஆண்டுத் தொகையில் ஒரு பகுதியை அந்த வேலைக்கு ஒதுக்க வேண்டும் என்று நிறுவனர் குடும்பத்தாரை இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊரில் பேட்டி எடுக்க வருகிறவர்களை நானே உடன் அழைத்துப் போகிறேன்.